பாயிண்ட் வைத்த பழைய காரில் ஸ்பார்க் வரவில்லையா? இக்னிஷன் வயரிங்கை வரிசையாகச் சோதிக்கும் முறை

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அல்லது ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அணைந்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் ஒருநாள் இது வரும். வந்ததும் பலர் முதலில் காயிலை மாற்றுகிறார்கள். அதில் சரியாகவில்லை என்றால் பிளக், அப்புறம் கண்டென்சர், அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப். இப்படி மாற்றிக்கொண்டே போனால் எப்போதாவது வண்டி கிளம்பலாம், ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசி வரை தெரியாது. நன்றாக இருந்த பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுத் தரம் குறைந்த புதியதை மாட்டி, ஒரு பழுதை இரண்டாக்கிக்கொள்ளும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

இந்தச் சுற்று உண்மையில் மிக எளிமையானது. ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு துண்டு வயர், சில ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்தால் போதும். டெஸ்ட் லேம்ப் எல்.இ.டி. வகையாக இல்லாமல், சாதாரண 12 வோல்ட் பல்பு போட்டதாக இருக்கட்டும். ஏன் என்று கீழே புரியும்.

பாயிண்ட், கண்டென்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட 12 வோல்ட் கார்களுக்காக இதை எழுதுகிறேன். சுமாராக 1970களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான கார்கள் இந்த வகைதான். பேட்டரியின் மைனஸ் பாடியில் இணைந்திருப்பதாக வைத்துக்கொண்டே சொல்கிறேன். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். அப்படிப்பட்ட வண்டி என்றால் நான் பிளஸ் என்னும் இடத்தில் மைனஸ் என்றும், மைனஸ் என்னும் இடத்தில் பிளஸ் என்றும் படித்துக்கொள்ளுங்கள். முறை மாறாது.

கரண்ட் எந்த வழியில் போகிறது

இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910 மாடல் கேடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அடிப்படை மாறவில்லை.

இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. முதலாவது 12 வோல்ட் சுற்று. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சாவி சுவிட்சுக்கு, அங்கிருந்து காயிலின் பிளஸ்ஸுக்கு, காயிலின் உள்சுற்று வழியாக மைனஸுக்கு, அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டுக்கு, பாயிண்ட் வழியாக எர்த்துக்கு. சில கார்களில் சுவிட்சுக்கும் காயிலுக்கும் நடுவே, காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற தடை ஒன்று இருக்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது இந்த வழியில் 3 முதல் 4 ஆம்பியர் ஓடி, காயிலுக்குள் காந்தப்புலம் உண்டாகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் மேடு பாயிண்ட்டைத் திறந்ததும் கரண்ட் அறுபட்டு, காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில் காயிலின் இரண்டாவது சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. அது கேப்பின் நடுமுனைக்கு வந்து, கேப்புக்குள் சுற்றும் ரோட்டார் வழியாக அந்தந்த பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது. கண்டென்சர் பாயிண்ட்டோடு பக்கவாட்டில் இணைந்திருக்கும். திறக்கும் நொடியில் பாயிண்ட் நுனியில் கரண்ட் தாவாமல் பிடித்துக்கொண்டு, அறுபடுவது சுத்தமாக நடக்க உதவுவது அதன் வேலை.

வயரிங் பழுது என்று நாம் தேடுவது பெரும்பாலும் முதல் சுற்றில்தான். அதைச் சோதிக்க ஒரே ஒரு விதி: கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பாயிண்ட் திறந்திருக்கையில் காயில் பிளஸ்ஸில் மீட்டர் வைத்தால், பத்து இழை அறுந்து ஓர் இழை மட்டும் மிச்சமுள்ள வயர்கூட 12 வோல்ட் காட்டும். முக்கால்வாசி அடைத்த குழாயிலும் திருகை மூடி வைத்தால் முழு அழுத்தம் இருப்பது போலத்தான் இது. திறந்து ஓடவிட்டால்தான் அடைப்பு தெரியும். "பன்னிரண்டு வோல்ட் வருகிறது, வயரிங் சரிதான்" என்று முடிவு கட்டி அங்கேயே தேடலை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பைக் கேட்டதற்கும் இதுதான் காரணம். அது கொஞ்சமாவது கரண்ட்டை இழுக்கும், ஓர் இழை வயரில் மங்கலாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

கியரை நியூட்ரலில் போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்தக் கசிவைச் சரிசெய்யாமல் ஸ்பார்க் சோதனையில் இறங்க வேண்டாம். உயர் வோல்ட்டேஜ் போகும் ஹை டென்ஷன் வயரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையிலிருந்து விலகியே இருக்க வேண்டும். பொறி பார்க்கும் சோதனைகளுக்குச் செல்ஃப் அடிப்பதை இன்னொருவரிடம் விடுவது நல்லது. தளர்ந்த சட்டைக் கை, தொங்கும் துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

இன்னொன்று. எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது சாவியைப் போட்டபடியே விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்து காயில் கொதித்துவிடும். அளவை எடுத்ததும் சாவியை அணைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: குறை ஸ்பார்க்கில்தானா?

கேப்பின் நடுவிலிருந்து காயில் வயரைக் கழற்றுங்கள். காயில் பக்கம் மாட்டியபடியே இருக்கட்டும். கழற்றிய முனையை நல்ல இன்சுலேஷன் உள்ள குறடால் பிடித்து, எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமான, 'சட் சட்' என்று சத்தம் கேட்கும் தடித்த பொறி வந்தால் காயில் வரை எல்லாம் சரி. மெலிந்த மஞ்சள் பொறி என்றால் ஏதோ பலவீனம். ஒன்றுமே இல்லை என்றால் முதல் சுற்றில் தேட வேண்டும், படி 3-க்குப் போங்கள். வயர் முனையை எர்த்திலிருந்து வெகுதூரத்தில் அந்தரத்தில் விட்டு மட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். வெளியேற வழி கிடைக்காத உயர் வோல்ட்டேஜ் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துவிடும். இடைவெளியைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் கிடைத்தால் அதுவே பாதுகாப்பானது.

படி 2: காயிலில் பொறி உண்டு, பிளக்கில் இல்லை

அப்படியானால் கேப், ரோட்டார், வயர் ஆகிய மூன்றில் ஒன்று. கேப்பைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் இருந்தால் அந்தக் கேப் தீர்ந்தது. நடுவில் இருக்கும் கார்பன் துண்டு ஸ்பிரிங்கில் துள்ளி நிற்க வேண்டும், சிக்கியோ தேய்ந்தோ இருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் துடைத்து உலர்த்துங்கள்.

ரோட்டார்தான் ஏமாற்றக்கூடியது. வெளியே எந்தக் குறையும் தெரியாது, ஆனால் உள்ளே ரிவெட் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுக்குக் கரண்ட் கசியும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. கேப்பை எடுத்துவிட்டு, ரோட்டார் தன் இடத்தில் இருக்க, காயில் வயரின் முனையை ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்குச் சில மி.மீ. மேலே பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பொறி தகட்டுக்குத் தாவினால், அது ரோட்டாரைத் துளைத்துத் தண்டுக்குப் போகிறது என்று பொருள். நல்ல ரோட்டாரில் பொறிக்குப் போக்கிடமே இல்லை.

ஏற்கெனவே யாராவது வயர்களைக் கழற்றி மாட்டியிருந்தால் ஃபயரிங் ஆர்டரையும், அதாவது சிலிண்டர்களில் பொறி வரும் வரிசையையும், பார்த்துவிடுங்கள். நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சின்களில் 1-3-4-2 மிகப் பொதுவானது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1-4-3-2. ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் முக்கியம்.

படி 3: பேட்டரியும் எர்த்தும்

முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்கு அருகில் நின்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் எஞ்சின் சுற்றினாலும் காயிலுக்குப் போதுமான அளவு கிடைக்காது.

அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயத்தூணிலேயே வையுங்கள், அதில் மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. இன்னொரு முனையை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது படியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னிய எர்த் பட்டை அறுந்திருக்கலாம், அல்லது பெயின்ட் அடித்த இடத்தில் துரு மேல் முடுக்கியிருப்பார்கள். செல்ஃப் அடித்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சுட்டால் எர்த் பட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழியில்லாமல் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது.

படி 4: காயில் பிளஸ்ஸுக்கு என்ன வந்து சேர்கிறது?

பெரும்பாலான வயரிங் பழுதுகள் இந்தப் படியில்தான் அகப்படும். அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் உங்கள் காயில் எந்த வகை என்று தெரிய வேண்டும். அதன் இரு வயர்களையும் கழற்றிவிட்டுப் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். 3 ஓம் அளவில் இருந்தால் நேரடி 12 வோல்ட் காயில். 1.5 ஓம் அளவில் இருந்தால் பேலஸ்ட்டோடு ஓட வேண்டியது. பேலஸ்ட் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பீங்கான் கட்டியாக இருக்காது. பல கார்களில் வயர்க் கட்டுக்குள் ஓடும் தடை வயரே பேலஸ்ட். "இந்த வண்டியில் பேலஸ்ட் இல்லை" என்று கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். தடை வயரை எடுத்துவிட்டுச் சாதா வயர் போட்டு, 1.5 ஓம் காயிலை அப்படியே விட்டுவைத்தால் பாயிண்ட்டும் காயிலும் சீக்கிரம் கருகும்.

இப்போது வயர்களைப் பழையபடி மாட்டி, பாயிண்ட் மூடிய நிலையைக் கொண்டுவர வேண்டும். எஞ்சினைக் கையால் திருப்பிப் பாயிண்ட் மூடுகிறதா என்று பார்க்கலாம். அதைவிடச் சுலபமான வழி, கிளிப் வயரால் காயில் மைனஸை எஞ்சினோடு இணைத்துவிடுவது. காயிலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். சாவியைப் போட்டு, காயில் பிளஸ்ஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளவெடுங்கள்.

பேலஸ்ட் இல்லாத வண்டியில் பேட்டரி அளவை விட அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேலஸ்ட் உள்ள வண்டியில் 6 முதல் 9 வோல்ட்டுக்குள் வருவது இயல்பு. பேலஸ்ட் வண்டியில் பாயிண்ட் மூடியிருந்தும் 12 வோல்ட் காட்டினால் யாரோ பேலஸ்ட்டைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்திருக்கிறார்கள். எந்த வகையானாலும் பூஜ்யம் என்றால் வழியில் எங்கோ முழுதாக அறுந்திருக்கிறது.

அளவு குறைந்தால் குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் அழகான முறை இருக்கிறது. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். கறுப்பு முனையைக் காயில் பிளஸ்ஸில் வையுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட்டேஜ். உதாரணமாக 2.4 வோல்ட் தொலைந்திருக்கிறது என்று வைப்போம். கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கிப் பின்னால் நகர்த்துங்கள். சாவி சுவிட்சிலிருந்து வெளியே வரும் முனையில் 2.2, சுவிட்சுக்குள் போகும் முனையில் 0.2 என்று வந்தால், 2 வோல்ட்டை விழுங்குவது சுவிட்சின் உள்தகடுதான். ஒரு பாகத்தையும் கழற்றாமல் குற்றவாளி கிடைத்துவிட்டது. பேலஸ்ட் உள்ள வண்டியில் பேலஸ்ட்டின் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் வருவது அதன் வேலை, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

இந்த வழியில் அடிக்கடி மக்கர் செய்யும் இடங்கள் சில உண்டு. சாவி சுவிட்ச் முதல் இடம். பிரிட்டிஷ் கார்களில் தோட்டா வடிவ இணைப்புகளுக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அமெரிக்கக் கார்களில் எஞ்சின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுச்சுவரில் இருக்கும் பெரிய கனெக்டரின் தகடுகள் சூட்டில் பழுத்திருக்கும். 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் காயிலுக்குப் போகும் கரண்ட் ஆர்.பி.எம். மீட்டர் வழியாகச் சுற்றிவிட்டுத்தான் போகும். மீட்டரின் பின்னால் ஒரு வயர் நழுவினால் எஞ்சினே நின்றுவிடும். அப்புறம், முந்தைய உரிமையாளர் திருட்டுக்குப் பயந்து டேஷ்போர்டு அடியில் மறைத்து வைத்த சுவிட்ச். வயரிங் படத்தில் அது இருக்காது, வயரைக் கையால் தொடர்ந்து போனால்தான் தட்டுப்படும்.

வயரைத் தேட நிறம் உதவும். பல பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் முறையில் பழுப்பு என்றால் எப்போதும் பேட்டரி கரண்ட், வெள்ளை என்றால் சாவி போட்டதும் வரும் கரண்ட், பச்சை என்றால் அதே கரண்ட் பியூஸைத் தாண்டியது, கறுப்பு எர்த், கறுப்புக் கோடு போட்ட வெள்ளை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு. ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட முனை எண்ணைப் பாருங்கள்: 30 பேட்டரி, 15 சாவி வழி, 1 காயில் மைனஸ், 4 ஹை டென்ஷன், 31 எர்த், 50 செல்ஃப். ஐம்பது ஆண்டு பழைய வண்டியில் நடுவே யாராவது கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறம் ஒரு துப்புதான், முடிவைச் சொல்ல வேண்டியது மீட்டர்.

முடிவை உறுதிசெய்ய, பியூஸ் வைத்த ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்கு நேரடியாகக் கொடுத்துச் செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். மைனஸில் மாட்டிய கிளிப் வயரை எடுக்க மறக்காதீர்கள். எஞ்சின் பிடித்தால் காயிலும் பாயிண்ட்டும் நல்லவை, குறை அதற்கு முந்தைய வழியில். இப்படி ஓடும் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது, அந்த வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். பேலஸ்ட் வகைக் காயிலில் இதைச் சில நொடிகளுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம்.

செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இந்த ஓர் அறிகுறியே பழுதின் இடத்தைச் சொல்லிவிடும். பேலஸ்ட் உள்ள வண்டிகளில் செல்ஃப் அடிக்கும் சமயம் பேட்டரி சோர்ந்துவிடும் என்பதால், அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் பேலஸ்ட்டைத் தாண்டி முழு வோல்ட்டேஜைக் காயிலுக்குக் கொடுக்க இன்னொரு வயர் இருக்கும். பெரும்பாலும் அது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் சோலனாய்டிலிருந்து வரும். சாவியை விட்டதும் அணைகிறது என்றால் பேலஸ்ட் அறுந்திருக்கிறது, அல்லது சாவியின் ஓட்ட நிலைத் தகடு தேய்ந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காமல் சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் ஒருமுறை வெடித்தால், சோலனாய்டிலிருந்து வரும் வயரில் கரண்ட் இல்லை.

படி 5: காயில் மைனஸில் டெஸ்ட் லேம்ப்

காயில் பிளஸ்ஸில் சரியான அளவு வருகிறது, ஆனால் பொறி இல்லை. இப்போது டெஸ்ட் லேம்ப்பைக் காயில் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி, சாவியைப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைந்து, லேம்ப் மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். மின்னினால் பாயிண்ட் வேலை செய்கிறது. அப்போது சந்தேகம் கண்டென்சர் மீதும், காயிலின் இரண்டாவது சுற்று மீதும், காயிலிலிருந்து வரும் ஹை டென்ஷன் வயர் மீதும் போகும்.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கரண்ட் எர்த்தைச் சென்றடையவில்லை. பாயிண்ட் மூடவில்லை, அல்லது அழுக்குப் படிந்திருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது.

எரியவே இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் காயில் மைனஸிலிருந்து கழற்றுங்கள். இப்போது எரிந்தால் அந்த வயரிலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளோ ஏதோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அப்போதும் எரியாவிட்டால், மைனஸில் வேறு எந்த வயரும் இல்லை என்ற பட்சத்தில், காயிலின் உள்சுற்று அறுந்துவிட்டது. ஆர்.பி.எம். மீட்டருக்கு மைனஸிலிருந்து தனி வயர் போகும் வண்டிகளில் அதையும் கழற்றிப் பாருங்கள். அது எங்காவது உரசி எர்த்தைத் தொட்டாலும் ஸ்பார்க் போய்விடும்.

எஞ்சின் ஓடும்போது காயில் மைனஸைக் கையால் தொட வேண்டாம், சாதாரண மல்டிமீட்டரையும் வைக்க வேண்டாம். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே சில நூறு வோல்ட் எகிறும்.

படி 6: டிஸ்ட்ரிபியூட்டருக்குள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஓர் அளவு. பாயிண்ட் மூடியிருக்க, சாவி போட்டு, காயில் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. அதிகம் காட்டினால் முன்பு செய்தது போலவே ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததுக்கு நகருங்கள்: டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி முனை, பாயிண்ட்டின் அசையும் கை, அசையாத முனை, அடித்தட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு, எஞ்சின். எங்கே சட்டென்று குறைகிறதோ அதற்கு முந்தைய இணைப்பில் குறை.

வெளி முனையிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் சின்ன வயரை நன்றாகப் பாருங்கள். பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் அடித்தட்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வயர் வளைந்து நிமிர்கிறது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்திருக்கும். அடித்தட்டை எர்த் செய்யும் குட்டி வயருக்கும் இதே கதி. நிற்கும்போது நன்றாக ஓடி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தடுமாறும் எஞ்சினில் இதை முதலில் சந்தேகப்படுவேன். அடித்தட்டை விரலால் இரு பக்கமும் மெல்லத் திருப்பிக்கொண்டே அதே வோல்ட் அளவைப் பாருங்கள், எண் துள்ளினால் வயர் போய்விட்டது. மாற்றும்போது வளைந்து கொடுக்கும் நுண்ணிழை வயரையே போட வேண்டும். சாதாரண வயர் விறைப்பாக இருப்பதால் சீக்கிரம் முறியும், அட்வான்ஸையும் தடுக்கும்.

புதிய பாயிண்ட் போட்டதும் ஸ்பார்க் அடியோடு போய்விட்டதா? இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, துருப்பிடிக்காமல் இருக்கப் புதிய பாயிண்ட்டின் முனையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கலாம். சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்து முனைகளுக்கு நடுவே இழுத்தால் போய்விடும். இரண்டு, இன்சுலேஷன் வாஷர்களின் வரிசை. பல லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் பாயிண்ட் ஸ்பிரிங், காயில் வயர், கண்டென்சர் வயர் ஆகிய மூன்றும் ஒரே திருகுத் தூணில் உட்காரும். மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் தூணையோ நட்டையோ அடித்தட்டையோ தொடக் கூடாது. நடுவே இருக்கும் தொப்பி வடிவப் பிளாஸ்டிக்தான் அவற்றைப் பிரித்து வைக்கிறது. வயர் கண்களை அந்தத் தொப்பிக்கு மேலே, நட்டுக்கு நேர் அடியில் வைத்துவிட்டால் எல்லாம் எர்த் ஆகிவிடும், பாயிண்ட் திறந்தும் திறக்காதது போலாகும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியை ஃபீலர் கேஜால் வைக்கும்போது பாயிண்ட்டின் குதிகால் மேட்டின் உச்சியில் நிற்க வேண்டும். 0.35 முதல் 0.40 மி.மீ. பல நான்கு சிலிண்டர் வண்டிகளுக்குப் பொருந்தும், ஆனால் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். இடைவெளியை மாற்றினால் பொறி வரும் நேரமான டைமிங்கும் மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கண்டென்சரைப் பொறுத்தவரை, ஷார்ட் ஆனால் பாயிண்ட் எப்போதும் மூடியிருப்பது போன்ற அறிகுறி வரும். உள்ளே அறுந்தால் பாயிண்ட் முனையில் பெரிய நீலப்பொறி பறக்கும், பிளக்கில் சோகையான பொறி வரும். சூட்டில் மட்டும் கெட்டு, ஆறியதும் சரியாகிவிடும் கண்டென்சர்களும் உண்டு. மீட்டரில் இதைப் பிடிப்பது கடினம், நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒன்றை மாட்டிப் பார்ப்பதே வழி. பாகம் மாற்றிப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இதுதான். ஓடி நிரூபித்த பழைய கண்டென்சர் இருந்தால் எறியாமல் வண்டியிலேயே வைத்திருங்கள்.

விட்டு விட்டு வரும் பழுது

வீட்டில் நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்து, சாலையில் மட்டும் அணையும் வண்டிக்கு மேலே சொன்ன அளவுகள் போதாது. டெஸ்ட் லேம்ப்பை நீளமான வயர்களோடு காயில் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி, பல்பைக் காருக்குள் கொண்டுவந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். எஞ்சின் தடுமாறும் நொடியில் பல்பும் அணைந்தால் சுவிட்ச் பக்கம் தேடுங்கள். பல்பு நிலையாக எரிந்தால் காயிலுக்கு அப்பால் தேடுங்கள், அல்லது பெட்ரோல் பக்கம் போங்கள்.

நிறுத்தி வைத்து எஞ்சின் ஓடும்போது சாவிக்கொத்தை மெல்ல ஆட்டுவது, டேஷ்போர்டு அடியில் வயர்க் கட்டை அசைப்பது, கனெக்டர்களை ஒவ்வொன்றாக அழுத்துவது ஆகியவை பழைய முறைகள்தான், ஆனால் பலன் தருபவை. பல சாவிகள் தொங்கும் கனமான கொத்து சுவிட்சைத் தேய்ப்பதும் உண்டு.

பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தால் படி 4 வரை எல்லாம் அப்படியே பொருந்தும். பிளஸ் மைனஸ் மாறினால் பல மாட்யூல்கள் அந்த நொடியிலேயே போய்விடும் என்பதால் வயர் மாட்டும்போது இருமுறை பாருங்கள். அதற்கு எத்தனை வோல்ட் வேண்டும், பேலஸ்ட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டுமா பின்னாலா என்பதை அதனோடு வந்த தாளில் படித்துச் செய்யுங்கள்.

ஒட்டுப் போடும்போது

பேட்டரியைக் கழற்றிவிட்டே வயரில் கை வையுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. அடுத்த கோடையில் டேப் இளகி விலகும், அதற்கடுத்த மழையில் களிம்பு ஏறும். சரியான அளவு டெர்மினலை நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடுங்கள். காயிலுக்குப் போகும் வயருக்கு 1.5 சதுர மி.மீ. தாராளமாகப் போதும். பழைய வயரின் நிறத்திலேயே புதியதையும் போட்டால் உங்களுக்கு அடுத்து இந்த வண்டியைத் திறப்பவர் உங்களை வாழ்த்துவார். துணி சுற்றிய பழைய வயர்களில் இன்சுலேஷன் வளைத்ததும் உதிர்ந்தால், ஒரு துண்டை மட்டும் மாற்றி நிறுத்தாமல் அந்தக் கட்டையே மாற்றத் திட்டமிடுங்கள். பல பழைய கார்களில் இக்னிஷன் வயருக்குப் பியூஸே கிடையாது, உரசி எர்த்தைத் தொட்டால் கட்டு முழுவதும் எரியும்.

வேலை முடிந்ததும் படி 4, படி 6 இரண்டிலும் எடுத்த வோல்ட் அளவுகளை மறுபடி எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். பேட்டரி வோல்ட், காயில் பிளஸ்ஸில் பாயிண்ட் மூடியபோது எவ்வளவு, காயில் மைனஸில் எவ்வளவு, காயிலின் ஓம் எவ்வளவு, பாயிண்ட் இடைவெளி எவ்வளவு. வண்டியில் இப்போது குறை ஒன்றும் இல்லை என்றாலும் இன்றைக்கே இந்த ஐந்தையும் எடுத்துவிடலாம். அடுத்த முறை வண்டி நடுவழியில் நிற்கும்போது, நன்றாக ஓடிய நாளின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்பது உடனே தெரிந்துவிடும்.